கள்ளுக்குப் போன லைசென்ஸ்

என் கணவர் நாரந்தனையில் வாடகைக் கார் ஓட்டுகிறார். சாராயம் தொடமாட்டார், ஆனால் மத்தியானம் பனங்கள் இல்லாமல் சோறு இறங்காது. போன வருடம் பண்ணைப் பாலத்தில் கார் கடற்பக்கமாக இழுபட்டது. பின்னால் இருந்த நான் கத்திய பிறகுதான் திருப்பினார். பாலம் முடிந்ததும் பொலிஸ் மறித்தது.

"குடிச்சிருக்கிறீரோ?"

"இல்லை ஐயா, கள்ளு மட்டுந்தான்."

நீதவானிடமும் இதையே சொன்னார். "கள்ளு வெறிக்காதோ?" என்று கேட்டுவிட்டு, அவர் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார். ஊரே எங்களுக்காக இரங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. கடலுக்குள் போயிருந்தால் யார் எங்களைத் திருப்பித் தருவது?

இப்போது லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது, ஆனால் கார்ச் சாவி என்னிடம். சவாரி வந்தால், "ஊதுங்கோ" என்பேன்.

"நீ என்ன பொலிசோ?" என்று சிரித்துக்கொண்டே ஊதுவார். கள்ளு மணந்தால் சாவி கிடையாது. பின்னேரம் காரை நிறுத்திச் சாவியைத் தந்த பிறகு எவ்வளவு குடித்தாலும் எனக்குச் சண்டையில்லை.