வெள்ளிக்கிழமைப் பேச்சு

என் கணவர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவார். முதலில் என்னிடம்தான் பேசுவார். கேஸ் வந்துவிட்டதா, வீரசோழனில் அவருடைய அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது, மச்சினி வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடித்ததும், "சரி, புள்ளைட்ட குடு" என்பார். கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் பேச்சு என்று சொல்லத்தக்கதே ஆரம்பமாகும்.

மகள் போனை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்விடுவாள். கதவைச் சாத்துவதில்லை. சாத்த வேண்டிய அவசியமும் இல்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. தறி ஓடும்போது அடுத்த அறையில் பேசுவது காதில் விழாது. கரண்ட் போனால் தெரு மொத்தமும் சட்டென்று அடங்கும். அப்போது அவள் குரலும் ஸ்பீக்கரில் அவர் குரலும் வீடு முழுக்கக் கேட்கும். கரண்ட் போகாதா என்று நான் காத்திருந்த வெள்ளிக்கிழமைகள் நிறைய உண்டு.

"அத்தா, இடைவேளைக்கு அப்புறம் படம் படுத்துருச்சு."

"படுக்கலம்மா, மெதுவா நடக்குது. ஒனக்குத்தான் அவசரம்."

"வில்லனுக்கு எதுக்கு அம்புட்டு வசனம்? வாயத் தெறக்காம இருந்திருந்தா பயந்திருப்பேன்."

அவர் சிரிப்பார். என்னிடம் பேசும்போது அப்படிச் சிரித்ததில்லை. கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசும்போது யார் சிரிப்பார்கள்?

கால்பந்து இருந்தால் இன்னும் மோசம். அவர் அறையில் இருந்தவர்கள் எல்லாம் மலையாளிகள். அவர்களிடமிருந்து அவருக்கு அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அவரிடமிருந்து இவளுக்கு. ஒரே ஆட்டத்தை அவர் அங்கே டிவியிலும் இவள் இங்கே என் போனிலும் பார்ப்பார்கள். பேசுவதற்கு அவள் போன். அங்கே முதலில் தெரியும், இங்கே கொஞ்சம் பின்னால் வரும். கோல் விழுந்தால் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். அவர் வாயைப் பொத்திக்கொள்வார். அந்த அமைதியிலேயே இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"அத்தா, மூச்ச அடக்காதீங்க. தெரிஞ்சுபோச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான், சொல்லாம இருக்கீங்க."

பிறகு இங்கே கோல் விழும். இரண்டு பேரும் சேர்ந்து கத்துவார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

எனக்குப் படம், கதையெல்லாம் தெரியாது என்றால்கூடச் சமாதானமாகியிருப்பேன். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். கல்லூரி விடுதியில் இருந்த வருஷங்களில் நூலகத்தில் பாதியைத் தீர்த்தவள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து காமிக்ஸ் வாங்கிக் கொடுத்தது நான்தான். தூத்துக்குடி ரோட்டில் என் அம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்குவோம். பந்தல்குடி வருவதற்குள் இரண்டு பேரும் படித்து முடித்துவிடுவோம். மிச்ச தூரம் முழுக்கச் சண்டைதான். துப்பறிகிறவன் முட்டாள் என்பாள். படம் போட்டவருக்குக் குதிரை வரையத் தெரியவில்லை என்பாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் மகள் வாய் பேசக் கற்றது அந்த பஸ்ஸில், என் மடியில்.

இப்போது கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். படம் எப்படி இருந்தது என்று நான் கேட்டால், "நல்லாருந்துச்சு" என்பாள். பாட்டு? "ம்." ஒரு தடவை அவள் படித்துக்கொண்டிருந்த நாவலைக் கையில் எடுத்துப் புரட்டினேன். "ஒனக்குப் புடிக்காதும்மா" என்று வாங்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குப் பேன் பார்த்தது நான். காய்ச்சலில் பினாத்தியபோது ஈரத் துணி போட்டது நான். காலேஜ் பஸ் கொஞ்சம் தாமதமானால் தெரு முனைவரை போய் நிற்பதும் நான்தான். வெறும் குரலாக இருந்த மனிதர் வாரம் ஒரு தடவை வந்து பலகாரத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவதுபோல எனக்கு இருந்தது. பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

இந்த வருஷம் நோன்புக்கு முன்னால் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். அந்தக் கிடங்கையே மூடிவிட்டார்கள். மதுரை விமான நிலையத்தில் மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இனி வாரம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் என்று நினைத்தேன். எனக்கு வீட்டில் என்ன இடம் இருக்கப்போகிறது என்று கார் காரியாபட்டி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

முதல் வெள்ளி. பிரியாணி சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

"அப்புறம்?" என்றார் அவர்.

"சொல்லுங்கத்தா."

"காலேஜ் எப்படிப் போகுது?"

"போகுதுத்தா."

மின்விசிறி சுற்றுவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். சாயங்காலம் ஆட்டம் இருந்தது. ஒரே டிவியின் முன்னால் உட்கார்ந்தார்கள். கோல் விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது. அவர் கைதட்டினார், இவள் லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். மூச்சை அடக்குவதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் அவர் என்னிடம் வந்து, "ஏம்மா, புள்ளைக்கு என்மேல எதும் கோவமா?" என்று கேட்டார். முகம் சுண்டியிருந்தது. "அவ அப்படித்தாங்க. நம்மட்டயும் பேச மாட்டா" என்றேன். நம்மட்டயும் என்று என்னையும் சேர்த்துச் சொன்னதில் ஒரு நிம்மதி.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மூன்று பேரும் டவுனில் படத்துக்குப் போனோம். வெளிநாட்டில் உழைக்கும் ஒருவன், ஊரில் அவன் மனைவி, கடைசியில் திரும்பி வருகிறான். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குப் போனாள். அவர் காற்றுக்காக மாடிக்குப் போனார்.

நான் மாடிப்படிக்குக் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தறிகள் நின்றன. அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அத்தா, அந்த ஏர்போர்ட் சீன்ல பின்னணி இசையே இல்லாம விட்டாங்க பாருங்க, அதுதான் படம்." பிறகு அதே வார்த்தைகள், அதே குரல், மாடியிலிருந்து. அவள் பேசி அனுப்பியதை அவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் குரல், மெதுவாக: "நானும் அதத்தான் நெனச்சேன். ஒன் பக்கத்துல ஒக்காந்து அழ வெக்கமாப் போச்சு."

அவள் குரலை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரே வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்து பேச வராமல், போனில் பேசிக்கொள்கிறார்கள். எத்தனை வெள்ளிக்கிழமையாக இது நடக்கிறதோ. பாவமாக இருந்தது. ஆனால் பாவம் வந்த கையோடு பொறாமையும் வந்துவிட்டது. இதிலும் என்னை விட்டுவிட்டார்களே.

எங்கள் மூன்று பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. பால், மோட்டார், சாவி, இவைதான் அதில் வரும். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு அதைத் திறந்து, மைக்கை அழுத்திக்கொண்டு பேசினேன்.

"எனக்கு அந்தப் படம் புடிக்கல. அந்தப் பொம்பள படம் பூரா ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. வீட்டுல அரிசி யாரு பொடச்சா? புள்ளைய ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போனா? காத்திருக்கவ எவளும் நிக்க மாட்டா. நிக்க நேரம் கெடையாது. படம் எடுத்தவுகளுக்கு அது தெரியல."

அனுப்பினேன். அறையில் என் குரல் கேட்டது. மாடியில் என் குரல் கேட்டது. மகள் வெளியே வந்து நின்றாள்.

"எம்மா, அது ஜன்னல் இல்ல. அது ஒரு குறியீடு."

"எனக்குக் குறியீடு சொல்லிக் குடுக்காதடி."

"அவ ஒவ்வொரு சீன்லயும் கரண்டியோட நிக்கணும்ங்கிறியா?"

"நின்னா என்ன?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவர் பாதிப் படி இறங்கி நின்றார். மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, நீங்க சொல்லுங்க. அங்க இருக்கயில அம்மா இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கும்னு நெனப்பீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவினார்.

"ஜன்னல்ட்ட நிக்கும்னுதான் நெனச்சேன்."

"எந்த ஜன்னலுத்தா? நம்ம வீட்டு ஜன்னலத் தெறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிதான தெரியும்?"

"ஆமா. எனக்கு அது ஞாபகம் இல்ல. அங்க இருக்கயில வேற ஏதோ ஜன்னலு."

மகள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தோள் குலுங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது. அவள் அவருக்குக் கீழே இரண்டாம் படியில் உட்கார்ந்தாள். அந்த மனைவியாக நடித்தவள் போன படத்தில் இதைவிட நன்றாகச் செய்திருந்தாள் என்றாள். இல்லவே இல்லை, அதில் ஒரே கூச்சல் என்றார் அவர். கூச்சல் போட வேண்டிய இடத்தில் கூச்சல்தான் போட வேண்டும் என்றாள் இவள். குரல் ஏறியது. போன்கள் இரண்டும் படியில் கவிழ்ந்து கிடந்தன.

நான் கீழே துணிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். நான் ஆரம்பித்த பேச்சு என் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒரு சாயங்காலம் இந்த வீட்டில் வர வேண்டும் என்று ஒரு நல்ல தாய் துஆ செய்திருப்பாள். எனக்கு உள்ளே எரிந்தது.

பேச்சு அந்தப் படத்தின் பாட்டுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. தியேட்டரில் அந்தப் பாட்டுக்குத்தான் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அந்தப் பாட்டும் சகிக்கல" என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். மகள் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள்.