எட்டாம் பக்கத்துக் கையெழுத்து

அந்தமானில் ரங்கத் பக்கம், பெயர் சொல்ல வேண்டாத ஓர் அரசுக் கல்லூரியில் குழந்தைவேலு முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினார். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கவிதையில் முனைவர் பட்டம். பதினான்கு வரிக் கவிதையை மூன்று வாரம் இழுப்பார். "நாலு தடவ வாசிக்காம ஒரு வரிய நம்பாதீங்க" என்பது அவர் வகுப்பறை வேதம். மாணவர்கள் நம்பவும் இல்லை, வாசிக்கவும் இல்லை.

அவர் காமிக்ஸுக்குத் தாவக் காரணம் கப்பல். சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். பங்க் கிளாஸில் வாந்தி எடுக்காத நேரமெல்லாம் சனங்கள் காமிக்ஸ் படிப்பார்கள், இறங்கும்போது படுக்கையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தமிழ், இந்தி, வங்காளம் என்று அவர் பொறுக்கிச் சேர்த்தது இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடுக்கையும் கவிதையில் வரி முறியும் இடத்தையும் ஒப்பிட்டு ஆறு கட்டுரை எழுதினார். மெயின்லேண்டில் இரண்டு பேர் படித்தார்கள். கல்லூரியில் 'பொம்மை சார்' ஆனார்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கையில், ஜனவரியில், பல்கலைக்கழகக் கடிதம் வந்தது: காமிக்ஸை ஒரு பாடமாக வைக்கலாம், நூலகத்தில் புத்தகங்கள் இருப்பதை நேரில் பார்த்த பிறகே அனுமதி. அத்தனை வருட ஏளனத்துக்கும் அந்தப் பாடம்தான் அவருடைய ஒரே பதில். மொத்தத்தையும் நூலகத்துக்கு எழுதிக்கொடுத்தார். அலமாரி வரும்வரை அது ஸ்டோர் அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

மார்ச், அரசு அலுவலகங்களில் 'கண்டம்' செய்யும் மாதம்: உதவாத சாமான்களைப் பட்டியலிட்டு, குழு கையெழுத்திட்டு, எரித்துவிடுவார்கள். துறைத்தலைவர், மூத்தவர் என்பதால் குழுவுக்கும் குழந்தைவேலுவே தலைவர். ஸ்டோர் கிளார்க் பாலகுமார் ஒன்பது பக்கத்தை நீட்டினார்.

"என்னாய்யா இதுல?"

"உடைஞ்ச குர்சிதான் சார். வஹி, அதே போன வருஷ லிஸ்ட். சட்டுனு சைன் போட்டா நாலு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

முதல் பக்கத்தில் நாற்காலிதான் இருந்தது. ஒன்பதிலும் போட்டார். பஸ் கிடைத்தது.

மே மாதம் ஆய்வுக்கு வந்த பேராசிரியை விசாலாட்சி ஸ்டோரைத் திறக்கச் சொன்னார். காலி. பாலகுமார் கோப்பின் எட்டாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்: 'குழந்தைகள் புத்தகம், கரையான் அரித்தது, பயனற்றது. என் கண்முன்னே எரிக்கப்பட்டது.' கீழே குழந்தைவேலுவின் அழகான கையெழுத்து.

"கரையானா? எங்கய்யா கண்ட?"

"அரே சார், வருஷா வருஷம் புத்தகம்னா கரையான்னுதான் போடுவோம். நீங்கதானே பாஸ் பண்ணீங்க?"

"எரிக்கறப்ப நான் எங்கய்யா இருந்தேன்?"

"காகஜ்ல கூடவே நின்னீங்க சார்."

விசாலாட்சி சிரிப்பை இருமலாக்கினார். "ஸாரி சார். டிபார்ட்மெண்ட் ஹெட்டே யூஸ்லெஸ்னு சொன்னதுக்கு நான் எப்படி கோர்ஸ் குடுக்கறது?"

சாயங்காலமே அறிக்கை தயார். 'தொகுப்பு இல்லை. அது பயனற்றது என்பதே துறையின் கருத்தும்.' அடியில் துறைத்தலைவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

குழந்தைவேலு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. வரிவரியாக நாலு தடவை வாசித்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை.

போட்டார்.