மணியம்மாள் பார்க்க மறுத்த கண்

பழவேற்காட்டில் அந்த நாளில் ஆப்பிளை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் ஆங்கிலப் பாடத்தில் ‘ஆப்பிள் ஆஃப் த ஐ’ என்று அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். நடத்துவது என் தலையெழுத்து. உயிருக்கு உயிரானவர் என்று பொருள் சொல்லி, உதாரணத்துக்கு ‘ரஷீதா அவள் அத்தாவுக்கு ஆப்பிள் ஆஃப் த ஐ’ என்று கரும்பலகையில் எழுதினேன்.

“கண்ணுக்குள்ள ஆப்பிள் எப்டி சார் பூந்துச்சு?” என்றாள் சின்னப்பொண்ணு. வகுப்பே சிரித்தது. அவள் பள்ளிக்கூடம் பெருக்கும் மணியம்மாளின் மகள். வாய் கொஞ்சம் அதிகம்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் விளக்கினேன். கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தை ஓர் உருண்டை என்று நினைத்த பழைய இங்கிலீஷ்காரன் அதை ஆப்பிள் என்றான். அது போனால் பார்வையே போச்சு. அதனால் ஆசைப் பிள்ளையையும் அப்படியே சொல்லத் தொடங்கினான். யூதர்களின் பழைய மொழியிலோ அந்த வட்டத்துக்குப் பெயர் ‘கண்ணிலிருக்கும் குட்டி மனிதன்’. இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. குட்டி மனிதனாவது மண்ணாவது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மணியம்மாள் புதுவாயல் பக்கம் நடவு நட்டு வளர்ந்தவள். ஏரியில் இறால் பிடிப்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது அவன் கண்ணில் தெரிந்த தன் உருவம் மங்கி மறைவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவள். அந்தக் கறுப்பு வட்டத்தை எங்கள் பக்கம் கண்ணுபாப்பா என்பார்கள். சாகக் கிடப்பவர் கண்ணில், குனிந்து பார்ப்பவரின் உருவம் பாப்பாவாகத் தெரிந்தால் பிழைப்பார், தெரியாவிட்டால் இல்லை என்பது ஊர் நம்பிக்கை. புருஷன் போனபின் எந்த வீட்டில் யார் படுத்தாலும் மணியம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். ஹனீப் பாய் வீட்டுப் பெரியவரின் கண்ணைப் பார்த்துவிட்டு ஹனீப் பாயிடம், “இல்ல பாய், சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்பு” என்று குரல் நடுங்காமல் சொன்னவள் அவள். எனக்கு அவளைக் கண்டாலே கொஞ்சம் பயம்தான்.

அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. தாயும் மகளும் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை என்று தேடிப் போனேன். டாக்டர் உப்புத்தண்ணீர் ஏற்றிவிட்டு, “இனி நம்ம கையில் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். சின்னப்பொண்ணு அரைக்கண் மூடி, கட்டையாகக் கிடந்தாள். சுற்றியிருந்த பெண்கள் மணியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்னால ஆவாது. கண்ணுல பாப்பா தெரியலன்னா நான் இன்னா பண்ணுவேன்? இவ ஒருத்திதான எனக்கு!”

சட்டென்று என் கையைப் பிடித்தாள். “நீ பாரு வாத்தியாரே.”

வேறு நேரமாயிருந்தால், என்ன பைத்தியக்காரத்தனம் என்று கத்தியிருப்பேன். அவள் பிடித்த பிடியை விடவே இல்லை. மண்டியிட்டு, சின்னப்பொண்ணின் இமையை விரலால் தூக்கினேன். ஒன்றுமில்லை. காய்ந்துபோன கறுப்பு. வாசல் வெளிச்சத்தை நானே மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கொஞ்சம் ஒதுங்கிக் குனிந்தேன்.

அம்மாடி! அந்தக் கறுப்புக்குள் ஒரு குட்டி மனிதன். மூக்குக் கண்ணாடி, சட்டை, பின்னால் திறந்த வாசல், வாசலுக்கு வெளியே துளி வானம். நான் அசைந்தேன், அவனும் அசைந்தான். எந்தக் காலத்திலோ எங்கோ ஒரு யூதன் இப்படித்தானே தன் பிள்ளையின் முகத்தின் மேல் குனிந்து பார்த்திருப்பான்!

“பாப்பா கீதா வாத்தியாரே?” சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கீது மணியம்மா! நல்லா கீது!” ‘இருக்கு’ என்று சொல்ல வாயெடுத்தால் அவள் பேச்சே என் வாயில் வந்துவிட்டது.

என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு வந்து குனிந்தாள். மூக்கோடு மூக்கு உரசும்படி பார்த்தாள். “எம்மாடி, நான் கீறேன்... உள்ள நான் கீறேன்டி...” என்று அழுதாள், சிரித்தாள். அவள் கண்ணீர் விழுந்த இமை லேசாகத் துடித்தது.

“தள்ளும்மா,” என்றது ஈனமான குரல். “மூச்சு முட்டுது.”

“மாட்டேன் போ,” என்றாள் மணியம்மாள்.