தங்கை கல்யாண உறையில் இத்தாலி வீரன்

துபாய் கராமாவில் எங்கள் ரூமில் ஆறு பேர். பொழுதுபோக்கு என்று இருந்தது ஒரே ஒரு சிடி. பழைய சாகச வீரர்களைக் கேலி செய்து இத்தாலிக்காரர்கள் எடுத்த 'அந்த மாதிரி' படம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காட்சிகளை வேகமாக ஓட்டித் தள்ளிவிட்டுக் கதையை மட்டும் பார்த்த கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். முகமூடி வீரனின் வாள் வெறும் தகரம். பாதிச் சண்டையில் வளைந்துவிடும். அவன் அதை முட்டியில் வைத்து நிமிர்த்திக்கொண்டு மறுபடி பாய்வான். ரூமிலிருந்த மதுரைக்காரர் இத்தாலி வசனத்துக்கெல்லாம் தமிழில் குரல் கொடுப்பார். எத்தனை தடவை பார்த்தாலும் வயிறு வலிக்கும்.

பிடிபட்டால் ஜெயில், அப்புறம் விசா கேன்சல். அதனால் அதை என் தங்கையின் கல்யாண சிடி உறைக்குள் ஒளித்து வைத்தேன். என்ன மடத்தனம்! ஊரிலிருந்து கல்யாண சிடி வந்தால் நம் ஆட்கள் வீடு வீடாகக் கைமாற்றிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அல் ஐனில் என் மாமா குடும்பத்தோடு இருந்தார். லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வரமுடியாதவர், அந்த சிடியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு விசா வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால், விசாவுக்குப் பொறுப்பேற்ற அரபி முதலாளி, எங்கள் கஃபீல், என்னை விமானம் ஏற்றிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஓவர்டைமில் சைட்டில் நின்றேன். ரூமுக்கு வந்து ஒரு வாரமே ஆன, உறைக்குள் இருப்பது என்னவென்று தெரியாத ஒருவர், சொந்த வேலையாகப் போன அல் ஐனிலிருந்து போன் செய்தார். "நீங்க அவருக்குக் குடுக்கணும்னு சொன்னீங்களேன்னு, வர்ற வழியில உங்க மாமா வீட்ல கல்யாண சிடியைக் குடுத்துட்டேன்ணே. விருந்தாளிங்களோட டிவி முன்னாடி உக்காந்துட்டாங்க."

மாமாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அத்தையும் விருந்தாளிகளும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்க நினைக்க அழுகை வந்தது. ஊரில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

நாலாவது தடவை அத்தை எடுத்தார். சிடி ஓடவில்லையாம். ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்ததுமே மாமா கீறல் என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். பிறகு போனை மாமாவிடம் கொடுத்தார். அவர் வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"குடும்பம் இருக்கிற வீடு மாப்ள" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் குரலை இறக்கி, "வாளை முட்டில வச்சு நிமித்துவானே, அந்தப் படம்தானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ஒடிச்சுப் போடலாம்னுதான் எடுத்தேன். மனசு வரல."