பின்கேட்டைப் பற்றிக் கேட்டவன்

ஒன்பது வருஷமாக ஒரு தூதரக வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவள் அவள். போலீஸ் ஆயுதப்படையில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். விசாவுக்கு வருகிற பெண்களின் கைப்பை, குடை, குழந்தையின் பால் புட்டி, எதுவும் அவள் கைக்குத் தப்பாது. அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த தூதரின் மனைவியையே ஒருநாள் பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்திவிட்டாள். கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். "இவகிட்ட பார்த்த சினிமாக் கதையைக்கூட மாத்திச் சொல்ல முடியாது" என்று சிரிப்பார்.

கணவரின் தம்பி வேலை தேடி வந்து ஒரு மாசமாக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தான். நல்ல பையன்தான். சொல்லாமலே பாத்திரம் கழுவி வைப்பான். ஒருநாள் அவள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அண்ணி, உங்களுக்கு எத்தனை மணிக்கு ஆள் மாத்துவாங்க?"

"அது நாளுக்கு ஒரு மாதிரி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, "பின்னாடியும் ஒரு கேட் இருக்குல்ல, அங்கயும் துப்பாக்கியோட நிப்பாங்களா?" என்றான். அடுத்த வாரம், "தூதரோட கார் எந்தப் பக்கமா வெளிய வரும்?" என்றான்.

எந்தக் கேள்வியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தடவையும் கேட்பதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் குறைத்தான். அதுதான் அவளை உறுத்தியது.

கணவரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் தம்பி காதுக்குப் போய்விடுமோ என்று பயம். போகாது என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. பதினாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

நடந்ததை அப்படியே எழுதி இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"சொந்தக் கொழுந்தன் மேலயா? வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?"

"சண்டை ஒண்ணுமில்ல சார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பின்கேட்ல கால் மணி நேரம் ஆள் இருக்காதுன்னு அவன்கிட்ட பொய் சொல்லிப் பார்க்கிறேன். யார் வர்றாங்கன்னு தெரிஞ்சிடும். அதையும் இதுலயே எழுதியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். பிறகு, "சொல்லு. மேலிடத்துக்கு நான் தெரிவிச்சுக்கிறேன்" என்றார். அவள் நகலை நீட்டி, காகிதத்தை வாங்கிக்கொண்டதற்கு அதில் கையெழுத்து கேட்டாள். அவர் முகம் சுளித்தபடி போட்டுக் கொடுத்தார். அந்தச் சுளிப்பையும் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரியே அந்தப் பொய்யைக் கொழுந்தன் காதில் போட்டாள். வெள்ளிக்கிழமை அவளும் இன்னும் இரண்டு காவலர்களும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். நாலு அஞ்சுக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி நேராகப் பின்கேட்டுக்கு வந்து தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தார்கள்.

"கையைத் தூக்குங்க" என்றாள். துப்பாக்கி முனை முன்னால் வந்தவரின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அவர் நிதானமாகக் கையைத் தூக்கினார். "சட்டைப் பையில அட்டை இருக்கு. எடுத்துப் பாருங்க."

காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவு. போன மாசம் தூதர் போகிற வழி யார் மூலமோ வெளியே கசிந்திருந்தது. வாயை விடுவது யார் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு காவலரின் வீட்டு ஆள் மூலமாகவும் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொழுந்தனுக்கு டிரைவர் வேலை தருவதாக ஆசை காட்டியிருந்தார்கள்.

"பின்கேட்ல ஆள் இருக்காதுன்னு வெளிய சொன்னது நீங்கதானே?" என்றார் அந்த அதிகாரி.

"நான்தான். சொல்றதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்."

"எங்களுக்கு அப்படி ஒரு காகிதமும் வரலையே."

அவள் நகலை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்தைப் பார்த்ததும் அதிகாரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவளை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

விசாரணை இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பியது. தூதர் போகிற வழியை வெளியே சொன்னவர் அவர்தான். பழியை அவள் தலையில் கட்டத்தான் அந்தக் காகிதத்தை அமுக்கியிருந்தார். இரண்டு மாசத்தில் அவர் வேலை போனது. அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கொழுந்தன் அழுதுவிட்டு வேறு அறை பார்த்துக்கொண்டு போனான். கணவர்தான் கடைசியில் கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. என்னையும் சந்தேகப்பட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள், "ஆமாங்க" என்றாள்.

ஒரு வாரம் அவர் தேவைக்கு மட்டும் பேசினார். எட்டாம் நாள் அவளைத் தூதரக வாசலில் இறக்கிவிட்டபோது, "சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் கோபம் தீர்ந்துதான் சொன்னாரா என்று அன்றைக்கு முழுவதும் அவளால் முடிவுக்கு வர முடியவில்லை.