காபியும் சாவியும் ஒன்றாகக் கேட்ட காலம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வெடித்துப் பார்க்கும் வேலை. லோடு ஏறுமுன் ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்தை எடுத்துப் பொட்டலில் கொளுத்துவேன். சத்தம் போதுமென்றால் தலையாட்டுவேன். ஊருக்கெல்லாம் தீபாவளி ஒருநாள். எனக்குப் பதினெட்டு வருடமாக ஞாயிறு தவிர எல்லா நாளும்.

அதில் ஒரு வசதி இருந்தது. மனைவி ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் காதைத் தொட்டுக்காட்டி, "இன்னிக்குப் பூராம் அணுகுண்டு. ஒண்ணும் விழல" என்பேன். அவளும் நம்பினாள். ஒருநாள் அடுக்களைக்குள் மெதுவாக, "கறி வெந்துருச்சு" என்றாள். தெருவில் நின்ற நான் ஓடிவந்தேன். குட்டு உடைந்தது.

போன சீசனில் நிஜமாகவே கேட்காமல் போயிற்று. அவள் பீரோ சாவி கேட்டாள். நான் காபி போட்டு நீட்டினேன்.

"நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா? என்னயக் கிறுக்கின்னு நினைச்சீகளா?"

சத்தியம் செய்தும் பலனில்லை. கடைசியில் என் வேஷத்தைக் கலைக்க அவளே விருதுநகரில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். "இவுக நடிக்காக டாக்டர். கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். 'கீ' என்று கேட்டால் அமுக்க வேண்டும். நான் எச்சில் விழுங்குவதுதான் எனக்குக் கேட்டது. மிஷின் ரிப்பேர் என்றே நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிஷினைத் திருகும் பெண்ணுக்கு அருகில் என் மனைவி நின்றாள். நான் அமுக்காமல் இருக்க இருக்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

டாக்டர் தேங்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் காதைத் திறந்து காட்டி, எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "இது செவிப்பறை. பின்னாடி மூணு குட்டி எலும்பு. சத்தத்தை அதுங்க இந்த நத்தைக்கூட்டுக்குள்ள தள்ளும். உள்ள முடி மாதிரி செல்கள் இருக்கு. அதுதான் நரம்பு வழியா மூளைக்குச் சேதி சொல்லும். வெடிச் சத்தத்துல உங்களுக்கு நிறைய செத்துப்போச்சு. திரும்ப முளைக்காது."

நான் என் வழுக்கையைத் தடவினேன். "மேலதான் போச்சுன்னா உள்ளயுமா டாக்டர்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் சாத்தூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் காதருகே வந்து, "ஒரு வருசமா உங்கள அம்புட்டு வைஞ்சிருக்கேனே" என்று அழுதாள்.

"அழாத. அதுல பாதி எனக்குக் கேக்கவே இல்ல."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

இப்போது கருவி மாட்டியிருக்கிறேன். முதல் நாள் தோசையைத் திருப்பும் சத்தம்கூட வீட்டை இடிப்பதுபோல் இருந்தது. கொளுத்தப் போகும்போது அதைக் கழற்றிவிட்டு, இரண்டு காதையும் மூடும் தடித்த உறையைப் போட்டுக்கொள்கிறேன். முதலில் கூட வேலை பார்ப்பவன், "ஏலே, ஹெலிகாப்டர் ஓட்டப் போறியாலே?" என்று கேலி செய்தான். போன வாரம் அவனே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் காதுக்குள் ஏதோ வண்டு கத்துவதுபோல் இருக்கிறதென்றான். அந்த டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.