இரண்டாவது லைன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாக இறங்கி, சொந்தமாகக் கரண்ட் வேலை எடுக்கும் கான்ட்ராக்டராக ஏறி வந்தேன். எவனையும் நம்பாமல் இருந்ததுதான் காரணம்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில், நகரியத்தில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறைக்கு ஒயரிங் எடுத்தேன். மூன்றாக இருந்த சர்வர்களை ஐந்தாக்கி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி இணைத்தார் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர். ஐந்தும் ஒரே ஆள் போல வேலை செய்யுமாம். ஒன்று படுத்தால் மற்றவை பார்த்துக்கொள்ளுமாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், இரண்டு யு.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனி லைன்.

எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கும் 'ஸ்டாண்ட்பை' என்று ஒரு மாற்று மோட்டார் வைத்திருப்பார்கள். முதல் மோட்டார் நின்ற அன்றைக்கு அதுவும் கூடவே நின்றதைப் பார்த்தவன் நான். நாளைக்கு இங்கே எல்லாம் அணைந்தால் கரண்ட்காரன் தப்பு என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் நகரியத்தில் ஒரு பல்பு மாட்டக்கூட என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

"தம்பி, வேல முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு லைன அணைச்சிப் பாத்துடலாம்."

"எதுக்குங்க பெரியவரே? இப்பதான் அஞ்சும் ஒண்ணா சேர்ந்து ஓடுது."

"ஒரு சுவிட்சுக்கே பயந்தா, அப்புறம் எதுக்குப்பா அஞ்சு?"

ஏணியில் நின்று, கேபிள் போகிற பொய்க்கூரையின் தட்டியை மூடிக்கொண்டிருந்தான் என் வீட்டுக்காரியின் தம்பி. என்னிடம்தான் வேலை பார்த்தான். "வுடு மாமா, படிச்சவர வம்பு பண்ணிகினு" என்றான்.

முதல் லைனை அணைத்தேன். ஐந்து சர்வரும் ஒன்றாகச் செத்தன.

"பாத்தியா தம்பி!"

இன்ஜினியர் முகம் வெளுத்துப்போனது. பின்பக்கம் போய் ஒவ்வொரு பிளக்காக அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டாவது லைனில் டெஸ்டரை வைத்தார். கரண்ட் இல்லை.

அந்த லைன் நான் போட்டது.

மச்சினனை இறக்கிவிட்டு நானே ஏறித் தட்டியைத் தள்ளினேன். இரண்டாவது யு.பி.எஸ்.ஸுக்குப் போகவேண்டிய கேபிள் பாதியிலேயே முதல் லைனோடு முறுக்கப்பட்டிருந்தது.

"கேபிள் பத்தல மாமா. ரெண்டுலயும் கரண்ட் வந்துது, அதான் வுட்டுட்டேன்."

"ஒங்க மேல தப்பில்ல, சார்" என்று இன்ஜினியரிடம் சொன்னேன். தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை.

புதுக் கேபிள் இழுத்து மறுநாள் அணைத்துப் பார்த்தோம். ஐந்தும் ஓடிக்கொண்டே இருந்தன. கையெழுத்து ஆனது. அதற்கப்புறம், மச்சினன் எனக்காக வேலை பார்த்த ஒவ்வொரு கட்டடமாகப் போய்த் தட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கேயும் ஒரு தப்பும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.